செவி மந்தமானவர் செவி சோதிக்கலாகாதோ?

சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்துக் குடும்பம் ஒன்றில், செவி மந்தமான மகள் செவித்திறன் ஆய்வாளர் படிப்பை விரும்புகிறாள். "கேளாதவள் பிறர் செவியை எங்ஙனம் சோதிப்பாள்?" எனத் தந்தை நம்மிடம் வினவினார்.

அன்பர்களே, ஒலியின் அளவைக் கருவி காட்டும். கேட்டவர் கையுயர்த்துவதைக் கண் காணும். சோதிப்பவர் அவ்வொலியைக் கேட்க வேண்டுவதில்லை. நோயாளி திருப்பிச் சொல்லும் சொற்களைப் பிழையறக் கேட்பதே கடினம். அதற்கு உடன்பணியாளர் துணை வேண்டும். மறைப்பானேன்?

அமெரிக்கரான மார்க் ராஸ் 1950களில் வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் செவிக்குறையுடைய நோயாளியாயிருந்தவர். பின்னர் அத்துறையிலேயே கனெக்டிகட் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

இத்தகையோர் பட்டறிந்தவர்கள். கேட்கும் கருவி பேச்சை மட்டுமா பெருக்குகிறது? அடுக்களைப் பாத்திர ஓசையையும் பெருக்குகிறதே! அச்சலிப்பினால் பெட்டிக்குள் உறங்கும் கருவிகள் நம் இல்லங்களில் எத்தனை! ஏற்காட்டு மூடுபனியின் ஈரமும் கருவிக்குப் பகையே. இரவில் மின்கலத்தைக் கழற்றி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு டப்பாவில் மூடிவைக்க வேண்டும். இதனை நாள்தோறும் செய்பவர் சொன்னால் முதியோரும் கேட்பர்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்கப் பணிக்கிறது. குறைபாடு 40 விழுக்காடேனும் இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். கல்லூரியின் சேர்க்கை விதிகளை முன்னரே எழுதிக் கேட்டறிதல் நலம். சான்றிதழுக்காகச் சேலம் அரசு மருத்துவமனைக்கு மகளைத் தந்தையே மலையிறங்கி அழைத்துச் செல்வாராக.