எடைமேடைக்குப் போனீர்களா?
ஆஸ்திரேலியாவின் கரி தீவில், அதாவது பழைய ஃபிரேசர் தீவில், முகாமிடக் குடும்பங்கள் லேண்ட்குரூசரையும் டிரெய்லரையும் தயார்செய்யும் காணொளிகளைப் பார்க்கிறேன். பேச்செல்லாம் வின்ச், உயர்த்திய சஸ்பென்ஷன், கூரைக் கூடாரம் பற்றித்தான். என் கண் போவதோ தண்ணீர்த் தொட்டிக்கு. 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அதோடு இரண்டாவது பேட்டரி, ஃபிரிட்ஜ், பிள்ளைகளின் சைக்கிள்கள். தனித்தனியே சின்னதாகத் தெரிபவை சேர்ந்து வண்டியின் அனுமதி எடையைத் தாண்டிவிடும். டிரெய்லர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இணைப்புக் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது அங்கே பொதுவிதி. டிரெய்லரின் பின்பக்கம் பாரம் கூடினால் அது வாலாட்டும். தீவின் மணலில் வண்டி சிக்காமல் காப்பதும் ஆடம்பரக் கருவியல்ல, டயரில் காற்றைக் குறைப்பதுதான். காற்றுமானியும் திரும்ப அடிக்க ஒரு பம்பும் போதும். புறப்படுமுன் எடைமேடை ஏறாத வண்டிக்கு எத்தனை லட்சம் கொட்டினாலும் அது அலங்காரமே.