உண்ணிக்குப் பிரசவம் பார்க்காதீர்கள்!

மாட்டின் காதிலிருந்து கொட்டைமுத்து மாதிரி உப்பிய உண்ணியைப் பிடுங்கி, தொழுவத்து ஓரத்தில் வீசிவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. நீங்கள் உண்ணியை ஒழிக்கவில்லை ஐயா, அதற்குப் பிரசவ அறை காட்டியிருக்கிறீர்கள்!

(ஆமணக்குக்கு ரிசினஸ் என்ற பெயர் வந்ததே இந்த ஒற்றுமையால்தான். லத்தீனில் ரிசினஸ் என்றால் உண்ணி.)

மாட்டு உண்ணி மாட்டின் மேலேயே முட்டையிட்டுப் பெருகுகிறது என்று பலர் நம்புகிறார்கள். தப்பு. முழுக்க ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, தரை வெடிப்பிலோ சாணிக்கடியிலோ ஒதுங்கி, சில நாள் கழித்து முட்டையிட ஆரம்பிக்கிறது. 2000, 3000 முட்டைகள். இட்டு முடித்ததும் செத்துப்போகிறது. அந்த நேரத்தில் அதற்குத் தேவை மாடு இல்லை, தரை.

அதன் உடம்பைப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். சூலகம் லாடம் மாதிரி வளைந்த ஒரே குழாய். பிறப்புத்துளை வயிற்றுப்பக்கம், முன்கால்களுக்கு நடுவே இருக்கிறது. பூச்சிகள் பலவற்றுக்கு உள்ளது போல முட்டையைச் செருகும் ஊசி கிடையாது. அதற்குப் பதிலாக, தலைக்கும் முதுகுத் தகட்டுக்கும் இடையே ஒரு பை மடங்கிக் கிடக்கிறது. இத்தாலிய விலங்கியலாளர் ஜெனே பெயரால் அதை 'ஜெனே உறுப்பு' என்கிறார்கள். முட்டை வரும் நேரத்தில் உண்ணி வாயுறுப்பை வயிற்றை நோக்கி மடக்குகிறது. பை கையுறை விரல்போல உப்பி வெளியே வந்து, முட்டையை வாங்கி, மெழுகு பூசி அனுப்புகிறது. ஒவ்வொரு முட்டைக்கும் இதே வேலை! வாயைத் தோலில் புதைத்துக்கொண்டு இந்த வித்தையைச் செய்ய முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

அந்த மெழுகுதான் முட்டையின் உயிர். மெழுகு பூசாத முட்டை காய்ந்து சுருங்கிவிடும் என்று லீஸ், பீமென்ட் என்ற இருவர் 1948-லேயே காட்டிவிட்டார்கள்.

நம் பாடங்களிலோ உண்ணி என்றால் வாயுறுப்பு, எட்டுக் கால், அது பரப்பும் நோய்கள். அவ்வளவுதான். கடிக்கிற வாயைப் படம் போட்டுப் பாகம் குறித்தவர்களுக்கு, பெருக்குகிற உறுப்பு கண்ணில் படவில்லை போலும்.

"மருந்து அடிக்கிறோமே" என்பீர்கள். மாட்டுக்கு அடித்த மருந்து தரை வெடிப்பில் கிடக்கும் முட்டையை என்ன செய்யும்? போதாக்குறைக்கு, மருந்துக்குப் பழகிப்போவதில் இந்த உண்ணி பேர் போனது. "நசுக்கினால் முட்டை சிதறிப் பரவும்" என்பதும் கட்டுக்கதை. வயிற்றுக்குள் இருக்கும் முட்டைக்கு இன்னும் மெழுகே பூசவில்லையே! ஆனால் வெறும் விரலால் நசுக்காதீர்கள். அதன் ரத்தத்தில் கிருமி இருக்கலாம்.

இதில் பணயம் வைப்பது உங்கள் மாட்டின் உயிரை. பபீசியா கிருமி தாய் உண்ணியின் சூலகம் வழியாக முட்டைக்குள்ளேயே போய்விடும். இன்று வீசிய ஒரு உண்ணியின் குஞ்சுகள், நாளை புல் நுனியில் நோயோடு காத்திருக்கும்.

ஆகவே, பிடுங்கிய உண்ணியை மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் போடுங்கள். தொழுவத்து வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். சண்டை மாட்டுத் தோலில் மட்டும் இல்லை, உங்கள் காலுக்கடியிலும் இருக்கிறது.