மரணப் படுக்கையில் புனையப்படும் கதைகள்

நம் சமுதாயத்தில் பெரியவர் ஒருவர் வஃபாத்தாகி நாற்பது நாள்கள் கழியுமுன் நினைவு மலர் வெளிவந்துவிடுகிறது. அதைப் புரட்டிப் பாருங்கள். தமக்குரிய நாளை அவர் முன்னரே அறிந்திருந்தார். புன்முறுவலோடு கலிமா மொழிந்து கண்மூடினார். ஜனாஸா புறப்படுகையில் மழை தூவியது. கபுரில் கஸ்தூரி மணந்தது. ஊர் மாறும், பெயர் மாறும், கதை மாறாது. கண்டவர் யார், அருகிருந்தவர் யார் என்பதற்கு ஒரு வரியும் இராது. அறிவிப்பாளர் தொடர் அறுந்த ஹதீஸைப் பலவீனமானதென்று ஒதுக்கும் ஆலிம்களே இம்மலர்களுக்கு அணிந்துரை வழங்குகிறார்கள். அதுவே நம்மை எழுதத் தூண்டியது.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் பெருமானார் (ஸல்) அவர்களின் பச்சிளம் மகனார் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் நேர்ந்தது. அக்குழந்தைக்காகவே கதிரவன் ஒளி குன்றியது என்று மக்கள் பேசினர். மகனை இழந்த தந்தை அப்பேச்சைக் கேளாதவர் போல் இருந்திருக்கலாம். நபியவர்கள் அவ்வாறு இருக்கவில்லை. தொழுகை நடத்தி, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரிய சந்திரர்க்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள். நபியின் மகனுக்காக மங்காத சூரியனா நம்மூர்ப் பிரமுகருக்காக மேகத்தை அனுப்பும்?

இனி, அப்பெருமானாரின் இறுதி நாள்களையே பார்ப்போம். ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்திகள் எவ்வளவு வெளிப்படையானவை! இருவருக்குரிய காய்ச்சல் அவர்கள் ஒருவரை வாட்டியது. ஏழு தோல்பைகளின் நீரை மேனியில் ஊற்றச் சொன்னார்கள். இருவர் தாங்கிப் பிடிக்க, பாதங்கள் தரையில் கோடிழுக்கப் பள்ளிக்குச் சென்றார்கள். அருகிருந்த நீரில் கைகளை நனைத்து முகத்தில் தடவிக்கொண்டு, மரணத்திற்கு வேதனைகள் உண்டு என்றார்கள். அவர்களின் போர்க்கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடைமானத்தில் இருந்தது. அந்த வேதனையைக் கண்ட பின்னர், எளிதாக இறப்பவர் எவரைக் கண்டும் தாம் ஏங்கியதில்லை என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள்.

இச்சொல்லின் அருமை நோயாளியோடு இரவு விழித்தவர்களுக்குத் தெரியும். புற்றுநோயில் அலறி, நினைவு தப்பி, பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் ஏசி, நாவசையாது போன தந்தையர் நம் வீடுகளில் எத்தனை பேர்! அவர்தம் பிள்ளைகள் நினைவு மலரின் புன்முறுவல் மரணத்தைப் படிக்கிறார்கள். ‘நம் அத்தா கலிமா சொல்லவில்லையே, முகம் மலரவில்லையே, அவர் நல்லடியார் இல்லையோ?’ என்று உள்ளுக்குள் புழுங்குகிறார்கள். புனைந்தெழுதியவர் ஒரு பெரியாரைப் புகழ்ந்ததாக எண்ணுகிறார். நூறு வீடுகளில் ஐயத்தை விதைத்திருக்கிறார். கடைசிச் சொல் கலிமாவாக அமைவதற்கு நற்செய்தி உண்டு. படுக்கையருகே அதனை மெல்லச் சொல்லிக் கொடுப்பது ஸுன்னத். அதை யார் மறுத்தார்? ஆனால் நிகழாததை நிகழ்ந்ததாக எழுதுவது பொய்ச் சாட்சியம். நோயால் நா அடைபட்டவரை அதைக்கொண்டு அளப்பதோ அநீதி.

மலர்களில் விடுபடுவது எது என்றும் கேட்க வேண்டும். குத்துண்டு கிடந்த உமர் (ரலி) அவர்கள் மகனாரிடம் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். ஏறத்தாழ 86,000 திர்ஹம். குடும்பச் சொத்து போதாவிடில் எவரிடம் கேட்பது என்பதையும் வரிசைப்படுத்திச் சொன்னார்கள். கலீஃபாவின் கடன் தொகை ஹதீஸ் நூலில் ஏறிவிட்டது. நம் தலைவர்களின் கடனும் வஸிய்யத்தும் மலரில் ஏறுவதில்லை. பங்காளிகளின் வழக்கில்தான் ஏறுகின்றன.

இது அச்சுமலரோடு நிற்கவில்லை. டாக்டர் அப்துல் கலாம் 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங் மேலாண்மைக் கழகத்தில் உரையாற்றிக்கொண்டிருக்கையிலேயே சாய்ந்தார். வயது 83. தமக்காக விடுமுறை விடலாகாது என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் அன்றே கைப்பேசிகளில் பரவியது. எந்த ஊரில், எவரிடம் சொன்னார்? அனுப்பியவர் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அன்று உடன் பயணம் செய்த உதவியாளர் ஸ்ரீஜன் பால் சிங் தாம் கண்டதை எழுதினார். குவாஹாத்தியிலிருந்து சென்ற வழியில் முன்வண்டியில் ஒரு காவல் வீரர் நின்றுகொண்டே வந்தார். கலாம் அதற்காக வருந்தி, அவரை உட்காரச் சொல்லும்படி வேண்டினார்; இறங்கியதும் தேடி அழைத்து நன்றி கூறினார். கண்டவரே சொன்ன செய்தி. இடையில் வேறு ராவி இல்லை. இதனினும் உயர்ந்த புகழ் எந்தப் புனைவில் இருக்கிறது?

எங்கள் கீழ்பென்னாத்தூருக்கு அண்டையிலுள்ள திருவண்ணாமலையில் ரமணர் 1950 ஏப்ரல் 14 இரவு மறைந்தார். இடக்கையில் கட்டி; 1949 பிப்ரவரி தொடங்கி அவ்வாண்டு முடியுமுன் நான்கு அறுவைகள்; கையை எடுத்துவிடலாம் என்றதற்கு அவர் இசையவில்லை. இவற்றையெல்லாம் அடியார்கள் நாளிட்டு எழுதி வைத்தனர். அவ்விரவு வானில் ஓர் ஒளி சென்றதாகவும் எழுதினர். அவர்களது நம்பிக்கையில் நாம் தலையிடவில்லை. ஆனால் நோயின் பெயரையும் மருத்துவத்தின் கணக்கையும் அவர்கள் மறைக்கவில்லையே! நம் மலர்களிலோ நோய்க்குப் பெயரே கிடையாது. ‘சற்று உடல்நலம் குன்றி’ என்பதோடு சரி.

பெருமானாரின் இறுதி நோயைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, அவர்களைத் தம் மார்பில் சாய்த்திருந்த மனைவியார் சொன்னது. நம் பெரியவர்களுக்கும் ஆறு மாதம் கஞ்சி புகட்டி, புண் துடைத்து, இரவுகளில் விழித்திருந்தவர் மனைவியோ மகளோதான். மலருக்குக் கட்டுரை கேட்டுச் சட்டமன்ற உறுப்பினர் வீடு வரை செல்பவர்கள், இத்தா இருக்கும் அந்த அம்மையாரிடம் திரைக்கு அப்பால் நின்றுகூட ஒரு கேள்வி கேட்பதில்லை.