அவர்களுக்கு எப்படி முடிகிறது?

நம் இல்லங்களில் இன்று அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி மார்க்கம் பற்றியதுமன்று, மறுமை பற்றியதுமன்று. "அவர்களுக்கு எப்படி முடிகிறது?" என்பதே அக்கேள்வி. எதிர்வீட்டார் புதிய கார் வாங்கினர். அடுத்த தெருவில் ஒரு நிக்காஹ் குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் நடந்தது. உடன் பணிபுரிபவர் குடும்பத்தோடு துபாய்க்கு உல்லாசப் பயணம் போய் வந்தார். சம்பளமோ நம் சம்பளமே. சில வேளை அதற்கும் குறைவு. பின் எப்படி முடிகிறது? பல்லாவரம் தொடங்கி வண்டலூர் வரை இக்கேள்வி ஒலிக்காத முஸ்லிம் இல்லம் அரிது.

கேட்பவர்கள் பெரும்பாலும் விடையைத் தேடுவதில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு, தாமும் அவ்வாறே செய்ய வழி பார்க்கிறார்கள். விடையைத் தேடினால் பெருமூச்சு நின்றுவிடும் என்பது நம் துணிபு. ஏனெனில் விடை பல வீடுகளில் ஒன்றே: முடியவில்லை, முடிவதுபோல் காட்டப்படுகிறது.

சென்னையின் இத்தென்புறம் எளிய வருவாயினரால் எழுந்த பகுதி. 1931ஆம் ஆண்டு கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பட்டணத்தில் பணி, புறநகரில் சிறு மனை, சட்டைப்பையில் ரயில் பாஸ் என்று குடும்பங்கள் இங்கு வந்து நிலைத்தன. குரோம்பேட்டை தன் பெயரையே தோல் பதனிடும் தொழிலால் பெற்றது. பல்லாவரத்துத் தோல் ஆலைகளில் உழைத்தவர்களிலும் வணிகம் செய்தவர்களிலும் நம்மவர் பலர். 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகம் வந்தபின் பெண்களும் ஆலை வேலைக்குச் சென்றனர். அவர்கள் வரவை முன்னிறுத்திச் செலவை வகுத்தார்கள். தேவையானதைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பொருளாக வாங்கினாலும் அதற்காக எவரும் நாணவில்லை. இன்று அச்சந்தைக்குப் போவதைச் சொல்லிக்கொள்ள நம்மில் எத்தனை பேருக்குத் துணிவுண்டு?

கணக்கைப் பார்ப்போம். மாதம் 40,000 ரூபாய் வருவாயுள்ள ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 12,000, மளிகை, பால், காய்கறி, இறைச்சி, எரிவாயு 13,000, இரு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வண்டிக் கட்டணமும் 7,000, மின்சாரம், போக்குவரத்து, கைபேசிக் கட்டணம் 4,000, மருந்து, ஊர்ப்பயணம், விருந்தாளி 3,000. ஆக 39,000. மிச்சம் 1,000. இந்த மிச்சத்தைக் கொண்டு 60,000 ரூபாய்க் கைபேசி வாங்க ஐந்தாண்டுகள் சேமிக்க வேண்டும். ஆனால் அக்கைபேசி இம்மாதமே அவ்வீட்டுப் பிள்ளையின் கையில் இருக்கிறது. எப்படி?

வாடகை இல்லாத பாட்டனார் வீடு சிலருக்குண்டு. கணவனும் மனைவியும் சம்பாதிக்கும் வீடுண்டு. சவூதியிலோ குவைத்திலோ இருக்கும் மகன் அனுப்பும் பணமுண்டு. இவை நேர்மையான விடைகள். வெளியே தெரியாததால் நமக்குப் புதிராகின்றன. அத்தகையோரைப் பற்றி நமக்குப் புகாரில்லை. அல்லாஹ் அவர்களுக்குப் பரக்கத் செய்வானாக! நம் பேச்சு மற்றவர்களைப் பற்றியது.

அவர்கள் அக்கைபேசியை மாதத் தவணையில் வாங்கினர். ஆண்டுக்கு 12 சதவீதம் என்று எழுதி, வட்டி 7,200 ரூபாயை முதலோடு கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, மாதம் 5,600 கட்டச் சொல்கிறார்கள். முதல் மாதம் தொடங்கி முதல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முழுத் தொகைக்கும் போடப்பட்டுவிட்டது. குறையும் முதலுக்கு ஏற்பக் கணக்கிட்டால் அது 12 அன்று. 21 சதவீதத்துக்கும் மேல். இது போகட்டும். மிச்சம் 1,000 உள்ள வீட்டில் 5,600 எங்கிருந்து வரும்? மாதந்தோறும் 4,600 குறைகிறது, ஓராண்டில் 55,200. அப்போதுதான் வீட்டுக்காரியின் கழுத்துச் சங்கிலி கழற்றப்படுகிறது.

நகை அடகுக்குப் போன பின் நடப்பதே பெருங்கொடுமை. ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கிறார்கள். நகை திரும்புவதில்லை. 2025ஆம் ஆண்டில் ஒரு சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியபோது பல வீடுகளில் மகிழ்ச்சி பிறந்தது. தங்கம் வாங்கும் வசதி வந்ததால் பிறந்த மகிழ்ச்சியன்று அது. அடகில் இருக்கும் அதே நகையின்மேல் இன்னும் கூடுதலாகக் கடன் கிடைக்கும் என்பதால் பிறந்தது. அப்படிக் கூடுதலாக எடுத்த பணத்தில் பெருநாளுக்குத் துணி எடுத்தவர்களும் உண்டு. விலை ஏறியது வரவாகத் தோன்றியது. உண்மையில் ஏறியது கடன். கழுத்தில் கவரிங் பளபளக்கிறது; பெட்டகத்தில் அடகுச் சீட்டு மடிந்து கிடக்கிறது. பார்ப்பவள் பளபளப்பை மட்டும் கண்டு வீட்டுக்குப் போய்த் தன் கணவனிடம் கேட்கிறாள்: "அவர்களுக்கு எப்படி முடிகிறது?"

இதுவே இந்நோயின் இயல்பு. செலவு வாசலில் நிற்கிறது. கடன் உள்ளறையில் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு வீடும் மற்ற வீட்டின் வாசலைத் தன் உள்ளறையோடு ஒப்பிட்டு மனம் வெதும்புகிறது. இப்னு கல்தூன் (ரஹ்) 1377இல் எழுதிய முகத்திமாவில், ஆடம்பரம் பழக்கமாகி, பழக்கம் தேவையாகி, இறுதியில் செலவு வரவை விஞ்சுவதை அரசுகளின் வீழ்ச்சிக்குக் காரணங்களில் ஒன்றாகக் காட்டினார். அரசுகளுக்குச் சொன்னது அடுக்ககங்களுக்கும் பொருந்துகிறது. தேசத்தின் கணக்கும் இதையே கூறுகிறது: 2022-23இல் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு நாட்டு உற்பத்தியில் சுமார் 5 சதவீதமாகச் சரிந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் இல்லாத சரிவு அது.

"இது வட்டியில்லாத் தவணை, மவ்லவி சாஹிப், இது ஆகுமானதுதானே?" என்று கேட்போர் பலர். கடைக்காரர் தம் சொந்தப் பொருளைத் தாமே ஒரே விலை பேசி, தவணையில் பெற்றுக்கொண்டு, தாமதத்துக்கு அபராதம் விதிக்காவிடில் அது வணிகம். பெரும்பாலான இமாம்கள் அதை அனுமதித்துள்ளனர். ஆனால் இன்று நடப்பது அதுவா? கடைக்காரருக்குப் பணம் கொடுப்பது ஒரு நிதி நிறுவனம். நம்மிடம் வசூலிப்பதும் அதுவே. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி நமக்கு மறுக்கப்படுகிறது. நடைமுறைக் கட்டணம் என்று ஒன்று பிடிக்கப்படுகிறது. ஒரு நாள் தவறினால் அபராதம். பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதித் தெரிவித்தது. வட்டியை வாழ்வாகக் கொண்ட வங்கிகளின் தலைமை வங்கி அதை வட்டி என்கிறது. வட்டியை ஹராம் என்று ஓதிய நாம் அதை வட்டியில்லை என்கிறோம்! இதைவிட வெட்கம் வேறுண்டோ?

இதற்கும் மேலான வெட்கமும் உண்டு. வருவாய் போதாதவர்கள் வருவாயைப் பெருக்கக் குறுக்குவழி தேடினர். அவ்வழியில் நம் மார்க்கத்தின் பெயரையே பலகையாகத் தொங்கவிட்டுச் சிலர் காத்திருந்தனர். பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் வட்டியில்லை, ஹலாலான இலாபப் பங்கு என்று கூறிப் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களிடம் சுமார் 4,000 கோடி ரூபாய் திரட்டியது. 2019 ஜூனில் அதன் தலைவர் நாட்டை விட்டு வெளியேறினார். ஜூலையில் திரும்பியபோது கைதானார். விதவையர் சேமிப்பும், மகள் திருமணத்துக்கு வைத்திருந்த பணமும் அதனோடு போயின. ஐதராபாத்தின் ஹீரா குழுமத்தின் கதை 2018இல் வெளிவந்தது. நம் சென்னையிலேயே ஆருத்ரா நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகக் கூறி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் பெற்று ஏமாற்றியதாக 2022இல் வழக்கு எழுந்தது. அதில் மதபேதமின்றி யாவரும் விழுந்தனர். மாதம் 30 சதவீதம் இலாபம் தரும் ஹலாலான வணிகம் எது என்று ஒரு நிமிடம் எண்ணியிருந்தால் போதாதா? வணிகத்தில் நட்டமும் உண்டு. நட்டமே இல்லாமல் மாதந்தோறும் நிலையாக வருவது, பெயர் எதுவாயினும், வட்டியாகவோ மோசடியாகவோதான் இருக்க முடியும். இந்த எளிய பிக்ஹுச் சட்டத்தை மிம்பரிலிருந்து சொல்ல வேண்டியவர்களிற் சிலர் அந்நிறுவன மேடைகளில் துஆ ஓதிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே குடும்பங்களை மட்டும் குற்றஞ்சாட்டி முடிப்பது நீதியன்று. "எல்லாம் பெண்களின் ஆசை" என்று கூறுவது ஆண்களின் வழக்கம். பெண்ணின் கழுத்திலிருந்து நகையைக் கழற்றியது யார்? கைக்கூலி வாங்கியது யார்? மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டியவன் கைக்கூலியும் சீர்வரிசையும் கேட்கிறான். பெண்ணைப் பெற்ற அத்தா வட்டிக்கு வாங்குகிறார். அந்த நிக்காஹை முத்தவல்லி முன்வரிசையில் அமர்ந்து நடத்திவைக்கிறார். பதிவேட்டில் மஹர்த் தொகை எழுதப்படுகிறது. கைக்கூலித் தொகை எழுதப்படுவதில்லை. இமாம் குத்பா ஓதுகிறார். பிரியாணியின் சுவையை ஊரே பேசுகிறது. அக்கடனை அந்த அத்தா எத்தனை ஆண்டு சுமந்தார் என்று எந்த ஜமாஅத்தாவது விசாரித்ததுண்டா?

எல்லாக் கடனும் ஆடம்பரத்தால் வருவதன்று என்பதையும் நாம் அறிவோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது ஒரே இரவில் வீட்டுப் பொருள் அனைத்தையும் இழந்தவர்கள் உண்டு. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் வேலை இழந்தவர்கள் உண்டு. அவர்கள் கடன் வாங்கியது கட்டிலுக்கும் கஞ்சிக்கும். அவர்களிடம் "வட்டி ஹராம்" என்று மட்டும் கூறிவிட்டுப் போவது எளிது. அவர்கள் மஹல்லாவின் கதவைத் தட்டினால் வட்டியில்லாத கடன் கிடைத்திருக்குமா? கிடைக்காதபோதுதான் பெண்கள் குழுவாகச் சேர்ந்து நுண்கடன் நிறுவனத்திடம் கையொப்பமிட்டார்கள். வாரத்தவணை தவறியவள் வாசலில் வசூலுக்கு ஆட்கள் நின்றார்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் வந்தது. கடன் நிறுவனங்களின் வன்முறை வசூலைத் தடுக்க 2025இல் தமிழகச் சட்டமன்றம் மற்றொரு சட்ட முன்வடிவை நிறைவேற்றியது. அரசுக்கு வந்த கவலை நம் ஜமாஅத்துகளுக்கு வரவேண்டாமா? மினாரா உயர்த்தவும் பளிங்கு பதிக்கவும் திரளும் பணம் பைத்துல்மாலுக்கு ஏன் திரள்வதில்லை?

"காலம் மாறிவிட்டது, இது நிர்ப்பந்தம், நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும்" என்பர் சிலர். அச்சட்டத்தின் மறுபாதியையும் அவர்கள் படிக்கட்டும்: நிர்ப்பந்தத்தின் அளவோடு அச்சலுகை முடிந்துவிடும். உயிர் காக்கும் அறுவைச் சிகிச்சை நிர்ப்பந்தம். 55 அங்குலத் தொலைக்காட்சி நிர்ப்பந்தமா?

பெருமானார் (ஸல்) அவர்கள் இறையடி சேர்ந்தபோது அவர்களுடைய போர்க்கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது. அக்கடன் உணவுக்காக, அதில் வட்டியுமில்லை. அந்நபியே கடன் சுமையிலிருந்து தொழுகையில் பாதுகாவல் தேடினார்கள். ஏன் இவ்வளவு தேடுகிறீர்கள் என்று வினவப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கவும் வாக்களித்தால் மாறவும் நேர்கிறது என்று விளக்கினார்கள். வசூலுக்கு வந்தவரிடம் "அத்தா வீட்டில் இல்லை என்று சொல்" என்று பிள்ளைக்குக் கற்பிக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். மதரஸாவில் நாம் ஆண்டு முழுதும் கற்பிக்கும் வாய்மையை அந்த ஒரு சொல் அழித்துவிடுகிறது.

செய்ய வேண்டியது என்ன? பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. அது கடனை எழுதிவைப்பது பற்றியது. ஆகவே முதற்கடமை எழுதுவது: கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து, யாருக்கு எவ்வளவு, எந்த நகை எங்கே என்று ஒரு தாளில் எழுதட்டும். ஒருவருக்கொருவர் மறைத்த கடனே பல குடும்பங்களைக் குலைத்தது. இரண்டாவது, பத்துக் குடும்பங்கள் சேர்ந்து தள்ளுக் கழிவில்லாத குலுக்கல் சீட்டு நடத்தட்டும். போட்டதையே முறை வைத்து எடுப்பதில் வட்டியில்லை. மூன்றாவது, ஒவ்வொரு மஹல்லாவும் பைத்துல்மாலை உயிர்ப்பித்து, நகையை ஈடாக வைத்தேனும் வட்டியில்லாத கர்ழ் ஹஸனா வழங்கட்டும். இது கனவன்று. எகிப்தின் மீத் கம்ர் என்ற சிற்றூரில் 1963இல் உழவர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே வட்டியில்லா வங்கி தொடங்கப்பட்டது. அதே ஆண்டு மலேசியாவில், ஹஜ்ஜுக்குப் போக நிலத்தையும் மாட்டையும் விற்ற ஏழைகளுக்காக வட்டியில்லாச் சேமிப்பு நிலையம் எழுந்தது. தாபுங் ஹாஜி என்ற அந்நிறுவனம் இன்றும் இயங்குகிறது. கம்பத்து உழவர்களால் முடிந்தது தாம்பரத்துப் படித்தவர்களால் முடியாதா? நான்காவது, கைக்கூலி வாங்கும் நிக்காஹுக்கு எங்கள் பதிவேடு திறக்காது என்று ஜமாஅத்துகள் தீர்மானிக்கட்டும். தீர்மானித்தபின் செல்வர் வீட்டுக்கு மட்டும் திறக்காதிருக்கட்டும்.

சகோதரிகளே, சகோதரர்களே! அடுத்த வீட்டைப் பார்ப்பது பாவமன்று; அங்கே அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது கடமை. உலகப் பொருளில் உமக்குக் கீழுள்ளவரைப் பாருங்கள் என்பதே நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த பார்வை. இனி அயலார் வீட்டைப் பார்த்து "அவர்களுக்கு எப்படி முடிகிறது?" என்று கேட்கத் தோன்றினால், பொறாமையாற் கேளாதீர்கள், கவலையாற் கேளுங்கள். முடியாமல் தவிப்பவர் அங்கே இருக்கக்கூடும். அவருக்குத் தேவை உங்கள் பெருமூச்சன்று. வட்டியில்லாத ஒரு கைமாற்று.

வல்ல நாயன் நம் இல்லங்களை வட்டியின் நெருப்பிலிருந்து காத்து, கிடைத்ததைக் கொண்டு மனநிறைவு கொள்ளும் கனாஅத்தை நமக்கு அருள்வானாக! ஆமீன்.