எழுதட்டும், விடுங்கள்

என்னிடம் ஓ/எல் வரை படித்த பிள்ளை இப்போது ஒலுவில் கம்பஸில். தன் வலைப்பூவில் ஒவ்வொரு நாளும் எழுதிவந்தாள். ஆங்கில விரிவுரை விளங்காமல் அழுதது, மாதக் கடைசியில் மூன்று பேர் ஒரு சோற்றுப் பார்சலைப் பங்கிட்டது, சிங்களத் தோழியோடு நோன்பு திறந்தது.

"குமருப்பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று ஊரில் யாரோ வாப்பாவிடம் கேட்க, எழுத்து நின்றுவிட்டது.

யுத்த காலத்தில், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது அது. முதல் பெட்ச் பிள்ளைகள் எங்கே தங்கினார்கள், எப்படிப் போய் வந்தார்கள் என்று வகுப்பில் கேட்டால், காட்ட என்னிடம் ஒரு பக்கம்கூட இல்லை.

பெயர், படம், தங்குமிடம் போடாமல் எழுதப் பழக்குவோம். அது நம் கடமை. நிறுத்துவது கடமையல்ல.

வாப்பாமாரே, அடுத்த வருடம் கம்பஸ் போகும் உங்கள் மகளும் முதல் வாரத்தில் அழுவாள். அப்போது அவள் வாசிக்க ஏதாவது இருக்கட்டும்.