சுருளைக் குறை சொல்லவில்லை, பொய்யைத்தான்

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நமக்கு "எரிபொருள் இல்லாத ஜெனரேட்டர்" வீடியோ இனிக்கத்தான் செய்யும். ஆனால் விஞ்ஞானக் கண்காட்சியில் அதற்கே பரிசு கொடுக்கிறார்களே, அதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.

பிள்ளைகள் தாராளமாகச் செப்புக்கம்பி சுற்றட்டும். சுற்றுகளைக் கூட்டினால் வோல்ட்டளவு கூடும். தடித்த கம்பி கூடிய மின்னோட்டம் தாங்கும். கைபடப் படிக்க வேண்டிய பாடம் அது. ஆனால் மின்குமிழைத் தொடுத்ததுமே, சும்மா சுழன்ற சக்கரம் கனக்கும். லென்ஸ் 1834இல் சொன்னது, நாங்கள் படிப்பிப்பது இதைத்தான். சுருளை எப்படி மாற்றினாலும் வெளிச்சத்துக்கு விலை கொடுப்பது சுழற்றும் கைதான்.

வாப்பாமாரே, மோட்டரையும் ஜெனரேட்டரையும் பட்டியால் பிணைத்து, "தானா ஓடுது" என்று எவராவது காசு கேட்டால், பற்றரியைக் கழற்றிவிட்டு, குமிழ் எரிய ஒரு மணித்தியாலம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மேசைக்குக் கீழேயும் ஒருக்கா குனிந்து பாருங்கள்.