மிருசுவில் குடும்பங்களைக் கேளாமல் வழங்கப்பட்ட மன்னிப்பு

கொலையாளியை மன்னிக்கும் அதிகாரம் சிறிலங்காவில் சனாதிபதிக்கு உரியது. மன்னராட்சிக் காலத்தின் எச்சமான இவ்வதிகாரத்தை 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 34 ஆவது உறுப்புரை அவருக்கு வழங்குகின்றது. மரணதண்டனைக் கைதியை மன்னிப்பதாயின் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதியமைச்சரின் பரிந்துரை ஆகியன பெறப்படல் வேண்டும். கொலையுண்டவரின் உறவினரைப் பற்றி அவ்வுறுப்புரையில் ஒரு சொல்லும் இல்லை.

2000 டிசெம்பரில் தென்மராட்சியின் மிருசுவிலில் எட்டுத் தமிழ்ப் பொதுமக்கள் படையினரால் கொன்று புதைக்கப்பட்டனர். இடம்பெயர்ந்திருந்த அவர்கள் தமது வீடு வளவுகளைப் பார்க்கச் சென்றவர்கள். அவர்களுள் ஐந்து வயதுக் குழந்தையும் ஒன்று. 2015 யூனில் கொழும்பு மேல் நீதிமன்றம் சுனில் ரத்நாயக்க என்ற படையினனுக்கு மரணதண்டனை விதித்தது. ஏனைய நால்வர் விடுவிக்கப்பட்டனர். 2019 இல் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்களும் அத்தீர்ப்பை ஒருமனதாக உறுதிசெய்தனர். ஓராண்டுகூட நிறையவில்லை. 2020 மார்ச் 26 அன்று, நாடே ஊரடங்கில் முடங்கிக் கிடந்த வேளையில், அன்றைய சனாதிபதி கோத்தாபய ராஜபக்ச அவரை மன்னித்து விடுவித்தார். 1976 இன் பின் அந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. எனவே இது தூக்குமேடையிலிருந்து உயிரைக் காத்த கருணையும் அன்று.

2015 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டம், அன்று நடைமுறையில் இருந்தது. குற்றவாளிக்கு மன்னிப்பு வழங்க ஆலோசிக்கப்படும்போது பாதிக்கப்பட்டவருக்கு அறிவித்தல் கிடைக்க வேண்டும், குற்றம் தம் வாழ்வைச் சிதைத்த விதத்தை மன்னிப்பு வழங்குபவரிடம் அவர் சமர்ப்பிக்கலாம் என்று அச்சட்டம் கூறியது. மிருசுவில் குடும்பங்களுக்கு அந்த அறிவித்தல் எந்த நாளில் அனுப்பப்பட்டது? சனாதிபதி செயலகம் விடைகூறக் கடமைப்பட்டுள்ளது.

அரசியலமைப்புச் சட்ட நூல்கள் மன்னிப்பைப் பெரும்பாலும் ஆட்சித் தலைவருக்கும் கைதிக்கும் இடைப்பட்ட விவகாரமாகவே ஆராய்கின்றன. மனித உரிமைச் சட்ட அறிஞர்களோ வேறு பாதையில் சென்றனர். தியோ வான் போவன், ஷெரிப் பசியூனி ஆகியோரின் பல்லாண்டு உழைப்பின் விளைவாக, பாதிக்கப்பட்டோரின் பரிகார உரிமை பற்றிய கோட்பாடுகளை ஐ.நா. பொதுச்சபை 2005 டிசெம்பரில் ஏற்றுக்கொண்டது. பாதிக்கப்பட்டவரை இரக்கத்துக்குரியவராக மட்டுமன்றி உரிமையாளராகவும் கண்டது அந்த ஆய்வு மரபு. அது 34 ஆவது உறுப்புரையை இன்னும் எட்டவில்லை.

மன்னிப்பு அதிகாரத்தையே ஒழித்துவிடலாம் என்பாரும் உளர். அது நமக்கே தீங்காக முடியும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ச் சிறையில் வாடிய தமிழ் அரசியல் கைதிகளின் தாய்மார் அதே உறுப்புரையை நம்பித்தான் ஆண்டாண்டுகளாக மனுக் கொடுத்து வந்தனர். பாதிக்கப்பட்டவருக்குத் தடுப்பதிகாரம் தேவையில்லை. அவர் சொல் கேட்கப்படல் வேண்டும், முடிவுக்கான காரணம் எழுதப்படல் வேண்டும்.

இது நடவாத காரியமன்று. பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர கொலை வழக்கின் குற்றவாளியான துமிந்த சில்வாவுக்கு 2021 இல் அதே கோத்தாபய வழங்கிய மன்னிப்பை, கொலையுண்டவரின் மனைவியும் மகளும் எதிர்த்து வழக்காடினர். 2024 சனவரியில் உயர் நீதிமன்றம் அம்மன்னிப்பைத் தன்னிச்சையானது என இரத்துச் செய்தது. மிருசுவில் மன்னிப்புக்கு எதிராகவும் 2020 இலேயே உயர் நீதிமன்றில் மனுக்கள் தாக்கலாயின. கொழும்பு அரசியல்வாதி ஒருவரின் குடும்பத்துக்குத் திறந்த கதவு, தென்மராட்சியின் ஏழைக் குடும்பங்களுக்கும் அதே அளவில் திறந்தாக வேண்டும்.